முந்திக்கொண்டு அடிப்பது தற்காப்பா?

கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்று இன்னொரு பெயர் இருப்பதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே எங்களுக்குச் சொந்தபந்தம் அதிகம். ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போர், போர் என்று குதிக்கிறவர்களில் ஒருவர்கூட சீருடை போட்டவர் இல்லை. “எதிரி கை ஓங்கும்வரை காத்திருப்பதா? முளையிலேயே கிள்ளிவிட வேண்டும்” என்று ஒருவர் எழுத, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மாமா ஒரே வரி போட்டார்: “அவன் அடிக்க வர்றான்னு யாருப்பா பார்த்தது?”

என்னைக் கேட்டால் விவகாரமே அங்கேதான் இருக்கிறது. ஓங்கிய கையைத் தடுக்க முந்திக்கொள்வதை நான் தற்காப்பு என்று ஒப்புக்கொள்வேன். என்றைக்காவது ஓங்குவான் என்று இன்றைக்கே வெட்டுவதை மாட்டேன்.

1837-இல் கனடாவின் கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவிவந்த, அமெரிக்கக் கரையில் நின்ற கரோலின் கப்பலை, கனடாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் படை கொளுத்தி நயாகராவில் விட்டது. கேட்டால் தற்காப்பாம். ஆபத்து அந்த நொடியிலேயே இருந்ததா, வேறு வழியே இல்லையா, யோசிக்கக்கூட நேரமில்லையா என்பதைக் காட்டுங்கள் என்றார் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர். இதைவிட நல்ல சோதனையை நான் பார்க்கவில்லை.

சரி, நம் விஷயத்துக்கும் அதே சோதனைதானே? 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட், அமிர்தசரஸ் என்று நம் விமானத் தளங்களைத் தாக்கின. ஆனால் நவம்பரிலேயே நம் படை கிழக்கு எல்லையில் அவர்களோடு மோதத் தொடங்கியிருந்தது. “நாங்கள் முந்தினோம், அவ்வளவுதான்” என்று அவர்கள் சொன்னால் ஒரே பேச்சில் தள்ளிவிட முடியாது. நான் தள்ளுவது வேறு காரணத்துக்காக. அந்த மார்ச்சிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) சொந்த மக்களையே சுட்டு, சுமார் ஒரு கோடிப் பேரை அகதிகளாக நம் பக்கம் விரட்டிய அரசு எதைக் காப்பாற்றப் போருக்கு வந்தது? நாட்டையா, சுட்டுக்கொண்டே இருக்கும் வசதியையா? (இதற்கு இரண்டு பக்கமும் திட்டு விழும். விழட்டும்.)

அப்புறம், எங்கள் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. காய்கறிப் பையோடு இடித்துக்கொண்டு போகும் கூட்டத்தில் யாரும் நின்று படிப்பதில்லை. 1914–18 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறது. அந்தப் போருக்கு முன் பெர்லின் தளபதிகள் போட்ட கணக்கு என்ன தெரியுமா? ரஷ்யா 1917 வாக்கில் படையையும் ரயில் பாதையையும் பெருக்கிவிடும், மோதுவதென்றால் இப்போதே மோத வேண்டும். அச்சு அசலாக நம் வாட்ஸ்அப் வாதம். அந்தக் கணக்குக்கும் வேலூர்க்காரனுக்கும் என்ன சம்பந்தம்?

2003 இராக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஐ.நா. ஆய்வாளர்கள் இன்னும் சில மாதம் கேட்டார்கள், படையெடுத்த அமெரிக்கா கொடுக்கவில்லை. பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

“அணுகுண்டு காலத்தில் காத்திருக்க முடியுமா?” என்று அடுத்து கேட்பீர்கள். 1962-இல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் தெரிந்ததும் உடனே குண்டு போடச் சொன்னார்கள் அமெரிக்கத் தளபதிகள். கென்னடி கடலில் கப்பல்களை மறித்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போனார், ஏவுகணைகள் திரும்பிப் போயின. படையெடுத்து வருபவர்கள் மீது வீசுவதற்கென்றே சின்ன அணு ஆயுதங்களும் அந்தத் தீவில் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்த விஷயம் அமெரிக்கர்களுக்குத் தெரியவந்தது சுமார் 30 ஆண்டுகள் கழித்துத்தான்.