வேற்றுக்கிரகவாசிக்கு எதற்கு வரவு செலவுக் கணக்கு?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்த எகிப்து பிரமிடு வீடியோ. ஒரு கல் இரண்டரை டன், கிரேன் கிடையாது, இரும்புக் கருவி கிடையாது, அப்புறம் எப்படிக் கட்டினார்கள் என்று மிரட்டும் குரல். முடிவில் வானத்திலிருந்து வேற்றுக்கிரகவாசிகளின் பறக்கும் தட்டு ஒன்று இறங்குகிறது. கீழே பத்துப் பேர் கைகூப்பியிருக்கிறார்கள்.

கேள்வி நல்ல கேள்விதான். கீஸாவில் கூஃபு மன்னனின் பிரமிடு கட்டி முடித்தபோது ஏறக்குறைய 146 மீட்டர் உயரம். சுமார் 23 லட்சம் கற்கள். 4,500 வருஷத்துக்கு முந்தைய வேலை. மலைத்துப் போவதில் தப்பே இல்லை. ஆனால் அதே வேலையில் இருந்த ஒருத்தர் தன் கைப்பட எழுதி வைத்த நாட்குறிப்பு கிடைத்த பிறகும் தட்டையே பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் பெயர் மெரெர். செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் தல்லேயின் குழு 2013இல் கண்டெடுத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களில் அந்த நாட்குறிப்பு இருந்தது. மெரெர் மந்திரியும் இல்லை, பூசாரியும் இல்லை. சுமார் 40 பேர் கொண்ட படகுக் குழுவுக்கு மேற்பார்வையாளர். நைலின் கிழக்குக் கரையில் இருந்த துரா சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து எதிர்க்கரை கீஸாவுக்குக் கல் கொண்டுபோவது அவர் வேலை. பிரமிடின் வெளிப்புறத்தை மூடிய வெள்ளைக்கல் துராவிலிருந்து வந்ததுதான்.

என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? இன்று துராவில் கல் இழுத்தோம், ராத்திரி அங்கேயே தங்கல். மறுநாள் கல்லேற்றிப் புறப்பட்டோம், வழியில் கூஃபுவின் ஏரி என்ற இடத்தில் தங்கல். அடுத்த நாள் பிரமிடுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்கடுத்த நாள் காலையில் மறுபடி துராவுக்கு. பக்கம் பக்கமாக இதேதான். ஒரு வியப்பு, ஒரு புலம்பல், சாமி பேர் சொல்லி ஒரு வரி, எதுவும் இல்லை. லாரி டிரைவரின் டிரிப் ஷீட் மாதிரி அத்தனை வறட்சி. அந்த வறட்சிதான் எனக்குப் பிடித்திருக்கிறது, கதை கட்டுகிறவன் இப்படிச் சலிப்பாக எழுதமாட்டான். அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரி அன்க்ஹாஃப் பெயரும் வருகிறது. கூஃபுவின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர்தான். பெரிய இடத்து வேலை அப்போதும் சொந்தக்காரருக்கே!

கூடவே கிடைத்தவை தானியக் கணக்குகள். வரவேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். கல்லைத் தூக்கியது எப்படி என்று கேட்கிறவர்கள், அத்தனை பேருக்குச் சோறு போட்டது எப்படி என்று கேட்பதே இல்லை. பிரமிடின் நிஜமான அதிசயம் அங்கேதான் இருக்கிறது என்பேன். கீஸாவுக்குத் தெற்கே தொல்லியலாளர் மார்க் லேனர் தோண்டியெடுத்த தொழிலாளர் ஊரில் ரொட்டி சுடும் கூடங்கள் இருக்கின்றன, குவியல் குவியலாக மாடு, ஆட்டு எலும்புகள் இருக்கின்றன. பக்கத்திலேயே அவர்களின் இடுகாடு. எலும்பு முறிந்து, கட்டுப்போட்டு, நேராகக் கூடிய கைகால்கள் அந்தக் கல்லறைகளில் கிடைத்தன. வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

அதற்காக எல்லோரும் பக்தியில் ஓடிவந்து கல் சுமந்தார்கள் என்ற எதிர்க்கதையையும் நான் நம்பத் தயாரில்லை. சாட்டையடி அடிமைகள் என்ற சினிமாக் காட்சி பொய். ஆனால் ஊர் ஊராக ஆள் பிடித்து முறை வைத்து வேலை வாங்குவது அரசாங்கத்துக்குக் கைவந்த கலை. மாட்டுக்கறியும் பீரும் கிடைத்ததென்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இருந்தது என்று ஆகிவிடாது.

லட்சம் பேர், இருபது வருஷம் என்று எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்துக்குப் போனது கூஃபுவுக்கு 2000 வருஷம் கழித்து. உள்ளூர்க்காரர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார், பாவம். இன்றைய மதிப்பீடுகள் பெரும்பாலும் 20,000 பேரை ஒட்டி நிற்கின்றன.

"இருபது வருஷம் என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கல், முடியுமா?" என்றும் வரும். பகல் வேலையை மட்டும் எடுத்தால் கணக்கு சரி. ஆனால் முக்கால்வாசிக் கல் வெட்டியதே பிரமிடுக்குப் பக்கத்துப் பாறையில்தான். துராவிலிருந்து வந்தது வெளிப்புற வெள்ளைக்கல் மட்டும், அஸ்வானிலிருந்து 800 கிலோமீட்டர் நைலில் வந்தது உள்ளறைக் கருங்கல். இன்னொன்று, பிரமிடின் மொத்தக் கல்லில் ஏறத்தாழ 70 சதவீதம் உயரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடக் கன அளவுக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். உச்சிக்குப் போகப் போக ஏற்ற வேண்டிய கல் சொற்பம்.

கல்லை மேலே இழுத்துப்போன சறுக்குப்பாதை நேராகப் போனதா, சுற்றிச் சுற்றி ஏறியதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் அடிதடிதான். 2018இல் எகிப்தின் ஹட்நூப் குவாரியில் கூஃபு காலத்துச் செங்குத்தான சறுக்குப்பாதை ஒன்று வெளிப்பட்டது: இரண்டு பக்கமும் படிக்கட்டு, கயிறு கட்ட மரத்தூண் நட்ட குழிகள். அதை வைத்து இப்போது புதிய சண்டை. அந்தச் சண்டையைப் பற்றி யாராவது வீடியோ போட்டால் அனுப்புங்கள், முழுசாகப் பார்க்கிறேன்.