அது காதல் பாட்டே இல்லைங்க

ஹ்யூமன் லீக் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் 'டோன்ட் யூ வாண்ட் மீ' பாட்டைக் கரோக்கியில் ஜோடியாக, கண்ணோடு கண் பார்த்து உருகிப் பாடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். நானும் பல வருஷம் அதைக் காதல் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். வரிகளைக் கவனித்துக் கேட்ட அன்றைக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாரில் பரிமாறிக்கொண்டிருந்த உன்னை ஆளாக்கியது நான், ஐந்து வருஷத்தில் எங்கேயோ போய்விட்டாய், ஆனால் ஏற்றிவிட்டவனுக்கு இறக்கிவிடவும் தெரியும் என்கிறான் அந்த ஆள். பச்சையான மிரட்டல்! எழுதியவர்களில் ஒருவரும் பாடியவருமான ஃபிலிப் ஓக்கியே இது காதல் பாட்டு இல்லை என்று சொல்லியிருக்கிறார், யார் கேட்டார்கள்?

ஆனால் இந்தப் பாட்டு எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் அவரல்ல, இரண்டாவது சரணத்தில் அந்தப் பெண்ணின் பதிலைப் பாடும் சூசன் ஆன் சல்லி. ஆமாம், பாரில்தான் வேலை பார்த்தேன், நீ இல்லாவிட்டாலும் நல்ல இடத்துக்கு வந்திருப்பேன், இனி என் வழி எனக்கு என்று அழுகையோ கோபமோ இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண் பேசுகிற மாதிரி பாடிவிட்டுப் போகிறார். பயிற்சி பெற்ற பெரிய பாடகி யாராவது அந்த இடத்தில் சங்கதி போட்டு உருக்கியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

அந்தக் குரல் வந்த கதையும் பாட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1980இல் குழுவைத் தொடங்கியவர்களான மார்ட்டின் வேரும் இயன் க்ரெய்க் மார்ஷும் பிரிந்துபோய் ஹெவன் 17 என்று வேறு குழு தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பியச் சுற்றுப்பயணம் தலைக்குமேல் நிற்கிறது. ஓக்கி ஷெஃபீல்டு நகரத்து கிரேஸி டெய்சி என்ற நடன விடுதிக்குப் போய், அங்கே ஆடிக்கொண்டிருந்த சூசனையும் அவர் தோழி ஜோஆன் கேதராலையும் கேட்டுக் கூட்டிவருகிறார். இரண்டு பேரும் பள்ளி மாணவிகள், ஒருவருக்கு 17, இன்னொருவருக்கு 18. இப்படி வந்த பெண், ஒரு வருஷம் கழித்து, கூட்டிவந்தவரோடு சேர்ந்தே 'உன்னால்தான் நான் என்று நினைக்காதே' என்று பாடுகிறார் பாருங்கள், அதைவிட வேறென்ன வேண்டும்!

பின்னால் ஓடுவது முழுக்க மின்னணு. தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷண்ட், தாளத்துக்கு லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷின், சீக்வென்சரில் (சுரங்களை வரிசையாக நினைவில் வைத்துத் தானே வாசிக்கவைக்கும் கருவி) எண்களாக ஏற்றிய சிந்தசைசர் வரிகள். தாளம் ஒரு மயிரிழைகூட விலகாது. அந்தக் கறார்த்தனத்துக்கு நடுவில் பயிற்சி பெறாத மனிதக் குரல் ஒன்று வந்து நிற்பதால்தான் காதில் ஒட்டிக்கொள்கிறது என்பது என் கட்சி. மெஷின் இசைக்கு உயிர் இல்லை என்பவர்களோடு இதை வைத்தே பல தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

கூத்து என்னவென்றால் ஓக்கிக்கு இந்தப் பாட்டு பிடிக்கவே இல்லை. 'டேர்' ஆல்பத்தில் கடைசியில் தள்ளிவைத்தார். ஏற்கெனவே அதிலிருந்து மூன்று பாட்டுகள் தனித்தனி இசைத்தட்டாக வந்துவிட்டன, இதையும் விற்றால் ரசிகர்கள் திட்டுவார்கள் என்று பயம். இசைத்தட்டு வெளியிட்ட வர்ஜின் நிறுவனம் பிடிவாதமாக நின்றதால், சரி, வாங்குகிறவர்களுக்கு ஒரு போஸ்டராவது கொடுங்கள் என்று இறங்கிவந்தார். 1981 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனில் அதுதான் முதலிடம், ஐந்து வாரம். அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் முதலிடம்.

அப்புறம், சூசனும் ஜோஆனும் எங்கேயும் போய்விடவில்லை. நாற்பது வருஷம் தாண்டியும் ஓக்கியோடு அதே மேடையில்தான் நின்றார்கள். இரண்டாவது சரணம் வந்ததும் கூட்டம் யாரோடு சேர்ந்து கத்துகிறது என்று யூடியூபில் பாருங்கள்.