குதிரையைத் தூக்கி ஓரமாக வைத்தவனை வரைந்தவர்

முதலில் ஒரு கதை. பனிக்காலம். ஒடுங்கிய சாலை, இரண்டு பக்கமும் பனி குவிந்து கிடக்கிறது. ஒருவன் தன் சின்னக் குதிரை மேல் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிறான். கள்ள உப்பு. எதிரே பேரரசரின் வண்டி வருகிறது. ஒதுங்க இடமில்லை. அவன் குதிரையை மூட்டையோடு அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வண்டிக்கு வழி விடுகிறான். மூட்டையில் என்ன என்று பேரரசர் கேட்கிறார். தீ மூட்டும் காளானும் கொஞ்சம் சாணைக்கல்லும் என்று கூசாமல் சொல்கிறான்.

அவன் பெயர் மார்டின் கர்பான். ஃப்ரான் லெவ்ஸ்திக் 1858-இல் எழுதிய ஸ்லோவேனியக் கதை. அங்கே பள்ளிக்குப் போன எல்லோருக்கும் கர்பானைத் தெரியும். அவனுக்கு உடம்பும் முகமும் கொடுத்தவர் ஹின்கோ ஸ்ம்ரேகர். அவர் வரைந்த பதிப்பு 1917-இல் வந்தது. ஸ்லோவேனிய மொழியின் முதல் படப்புத்தகம் என்றே அதைச் சொல்பவர்கள் உண்டு.

எனக்கு ஸ்லோவேனிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. படங்கள் வழியாகத்தான் இந்தக் கதைக்குள் போனேன். அதனால்தான் இதை எழுதத் தோன்றுகிறது. ஓவியர் என்றால் கேன்வாஸ், சட்டம், காட்சிக்கூடம். புத்தகத்துக்குப் படம் போடுகிறவர் அதற்கு ஒரு படி கீழே. இப்படி ஒரு எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் சரியாகப் படவில்லை. குதிரையைத் தூக்கினான் என்று எழுத்தாளர் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். வரைகிறவர் அப்படிப் போக முடியாது. கைகளை எங்கே கொடுத்துத் தூக்கினான், பாரம் எந்தக் காலில் இறங்கியது, தரையை விட்டு எழும்பிய குதிரையின் காது எப்படி நின்றது என்று எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சும்மா அலங்காரத்துக்குப் படம் போடுகிறவர் செய்யும் வேலையா இது?

ஸ்ம்ரேகர் 1883-இல், இன்று ஸ்லோவேனியாவின் தலைநகராக இருக்கும் லியுப்லியானாவில் பிறந்தவர். அப்போது ஸ்லோவேனியர்கள் வியன்னாவில் இருந்த ஆஸ்திரியப் பேரரசரின் ஆட்சியில் இருந்தார்கள். சட்டம் படிக்கப் போய், அதை விட்டுவிட்டு, தானாகவே வரையக் கற்றுக்கொண்டவர். வியன்னாவில் 1903-இல் ஸ்லோவேனிய, குரோவேசிய மாணவர்கள் தொடங்கிய வெஸ்னா என்ற ஓவியர் குழுவில் மக்சிம் காஸ்பரி போன்றவர்களோடு இருந்தார். அடுத்த வருடமே அதே வியன்னாவில், மீத்கே காட்சிக்கூடத்தில், ரிஹார்ட் யாகோபிச், இவான் க்ரோஹர் முதலான ஸ்லோவேனிய இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சி நடந்து பெரிய பாராட்டைப் பெற்றது. வெயிலும் மூடுபனியும் வயல்வெளியும் அவர்களுடைய உலகம். வெஸ்னாக்காரர்கள் ஊர்க்கதை, சடங்கு, கிராமத்து உடுப்பு என்று போனார்கள். அஞ்சலட்டையிலும் புத்தகத்திலும் பத்திரிகையிலும் வரைந்தார்கள். க்ரோஹரின் ஓவியங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் சுவரில் ஆணி அடிக்க வசதி இல்லாத வீட்டுக்கும் ஓர் அஞ்சலட்டை போய்ச் சேரும்.

கேலிச்சித்திரத்திலும் ஸ்ம்ரேகரின் கை கூர்மை. நண்பரும் பெரிய எழுத்தாளருமான இவான் த்சங்கரையே விட்டுவைக்கவில்லை. தாரோக் என்ற சீட்டாட்டம் அந்தப் பக்கங்களில் வெகு பிரபலம். அதற்கு ஸ்லாவியர் வாழ்க்கையை வைத்து ஒரு முழுக் கட்டே வரைந்தார். காசு இருந்தவர் இல்லை. கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். அதற்காகத் தான் வரையும் கோடுகளை மட்டும் மலிவாக விடவில்லை.

1917-க்கு வருகிறேன். என்னை அதிகம் பாதித்தது அந்த வருடம்தான். முதல் உலகப் போரின் நடுவே, செர்பியர்களுக்கு ஆதரவானவர் என்ற சந்தேகத்தில் ஆஸ்திரிய அரசு அவரைப் பிடித்து அடைத்திருந்தது. உடலும் மனமும் நொந்துதான் வெளியே வந்தார். அதன் பிறகு உட்கார்ந்து அவர் வரைந்தது ஒரு பேரரசரின் கதை! வியன்னாவைக் கலங்கடிக்கும் பர்தாவ்ஸ் என்ற அரக்கனை வெல்லப் பேரரசர் கர்பானைத்தான் அழைக்கிறார். அரண்மனை ஆயுதங்கள் அவன் கையில் பொடிப்பொடியாகின்றன. தன் ஆயுதத்தைத் தானே அடித்துக்கொள்கிறான். தடி செய்ய, பேரரசிக்குப் பிரியமான லிண்டன் மரத்தையே வெட்டிவிடுகிறான். ஊரைக் காப்பாற்றிய பிறகும் அந்த மரத்துக்காகப் பேச்சு வாங்குகிறான். கடைசியில் அவன் வாங்கிக்கொண்டு போவது உப்பு விற்க ஓர் அனுமதிச் சீட்டும் ஒரு பை பொன்னும். அதே 1917 மே மாதம்தான் வியன்னா நாடாளுமன்றத்தில் ஸ்லோவேனிய, குரோவேசிய, செர்பிய உறுப்பினர்கள் தங்கள் மக்களுக்குத் தன்னாட்சி கேட்டார்கள். அப்படியொரு நேரத்தில் இந்தப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு இது வெறும் குழந்தைக் கதையாகவா இருந்திருக்கும்? அடுத்த வருடம் பேரரசே இல்லாமல் போனது.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். லியுப்லியானாவை இத்தாலியப் பாசிசப் படை பிடித்தது. 1942 பிப்ரவரியில் நகரைச் சுற்றிச் சுமார் 30 கிலோமீட்டருக்கு முள்வேலி போட்டது. அந்த வேலிக்குள்தான் ஸ்ம்ரேகர் இருந்தார். வயது 59. செப்டம்பர் கடைசியில் பிடிபட்டார். எதிர்ப்பு இயக்கத்தின் அச்சுத்தாள்கள் அவரிடம் இருந்ததாகச் சொல்கிறார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி கிராமோஸ்னா யாமா என்ற ஜல்லிக் குழியில் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குழியில் கொல்லப்பட்டவர்கள் நூறு பேருக்கும் மேல். அவர் ஆயுதம் எடுத்தவர் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பேனாவும் மையும் பிடித்த கை அது.

1954-இல் தோனே க்ரால் என்ற ஓவியர் கர்பானை வேறு விதமாக வரைந்தார். அதுவும் அருமையான வேலை. இன்று பலர் மனதில் இருக்கும் கர்பான் அவருடையதுதான். ஆனால் க்ரால் வரைய உட்கார்ந்தபோது, அவர் முன்னால் ஏற்கெனவே ஒரு கர்பான் நின்றுகொண்டிருந்தான். ஸ்ம்ரேகருக்கு முன்னால் இருந்தவை சொற்கள்தான்.

1993-இலிருந்து ஸ்லோவேனியாவில் புத்தக ஓவியர்களுக்குத் தரும் விருதுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். முள்வேலி போன தடமும் இப்போது நகரைச் சுற்றி ஒரு நடைபாதை ஆகிவிட்டது. லியுப்லியானாவுக்குப் போகும் வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், ஏதாவது ஒரு புத்தகக் கடையில் நுழைந்து கர்பான் புத்தகத்தைக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குதிரை இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.