வேலி ஓரத்தை வழிக்கும் முன் ஒரு வேண்டுகோள்

மாசி, பங்குனியில் ஜேசிபி வைத்து வேலி ஓரம் சீமைக்கருவேலத்தைப் பறிக்கப் போகிற ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளி, சாயல்குடி பக்கத்து நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். பறிக்கத்தான் வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த மாதங்களில் செங்காந்தள் கண்ணுக்கே தெரியாது. கொடி காய்ந்து மடிந்திருக்கும். கிழங்கு மட்டும் மணலுக்குள் உறங்கும். ஜேசிபியின் வாளி அதையும் சேர்த்து அள்ளி வெயிலில் கொட்டிவிடும்.

செங்காந்தளுக்குக் கலப்பைக்கிழங்கு என்ற பெயரே கிழங்கின் வடிவத்தால் வந்தது. வளைந்த இரண்டு கை, ஒவ்வொரு கை நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. பிடுங்கி வந்து தொட்டியில் வைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். போதாததற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள், மிச்சமும் அழுகிவிடும். விதைக்காகப் பயிரிடத் தொடங்கிய காலத்தில் நடவுக் கிழங்குக்குக் காட்டையும் வேலியையும்தான் தோண்டினார்கள். அந்த இழப்பே இன்னும் ஈடாகவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் பூத்திருக்கும்போதே இடத்தைப் பார்த்து ஒரு கல்லை நட்டு வையுங்கள். அதைச் சுற்றி மூன்றடிக்கு இயந்திரம் வேண்டாம். சீமைக்கருவேலத்தை அரிவாளால் வெட்டி, தூரைக் கடப்பாரையால் எடுங்கள். உடைமுள், சங்கஞ்செடி என்ற முட்செடிகளை விட்டுவிடுங்கள். செங்காந்தளின் இலை நுனியே சுருண்டு பிடிக்கும் பற்றுக்கம்பி, அதற்கு அந்தக் குச்சிகள் வேண்டும். கல்தூணும் கம்பியும் மட்டும் நிற்கிற வேலியில் இளங்குருத்துக்கு நிழலும் கிடையாது, ஆட்டுக் குளம்பிலிருந்து மறைவும் கிடையாது.

வீட்டில் வளர்க்க ஆசையா? கிழங்கைத் தொடாதீர்கள். காய் முற்றி வெடிக்கும்போது தெரியும் சிவந்த விதைகளில் கொஞ்சம் எடுங்கள், மீதி அங்கேயே விழட்டும். ஓர் இரவு ஊறவைத்து, மழை தொடங்கும்போது மணல் கலந்த மண்ணில் மேலாக ஊன்றுங்கள். முளைக்க வாரங்கள் ஆகும், சிலது மாதக்கணக்கில் இழுக்கும். பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும், அவசரப்பட்டு மண்ணைக் கிளறாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். செடி முழுக்கக் கொல்கிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். தின்றவுடன் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அதுவரை காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.