மர வீடும் செங்கல் வீடும்: லாஸ் ஏஞ்சலஸ் தீயை முன்வைத்து

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ், ஆல்டடீனா பகுதிகளில் பற்றிய தீ 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தபோது, தமிழ் முகநூலில் ஏளனம் கலந்த ஒரு கேள்வி சுற்றி வந்தது. இவ்வளவு பணம் புழங்கும் நாட்டில் ஏன் மரத்திலும் அட்டையிலும் வீடு கட்டுகிறார்கள், நம்மூர்க் கொத்தனார் நாலு பேரை அனுப்பினால் செங்கல்லில் கட்டிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவார்களே என்பதுதான் அது. கூடவே ஒரு படமும் பகிரப்பட்டது. வீடு முழுவதும் சாம்பலாகிக் கிடக்க, நடுவில் செங்கல் புகைபோக்கி மட்டும் நிமிர்ந்து நின்றது. "செங்கல் நின்றது, மரம் போனது" என்று பலர் எழுதினார்கள்.

கலிபோர்னியாவில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் படம் பாதி உண்மையைத்தான் காட்டுகிறது. அதே புகைபோக்கிதான், பூமி குலுங்கினால் வீட்டில் முதலில் முறிந்து விழக்கூடிய பகுதி. மர வீடு கட்டுவது இங்கே சிக்கனத்துக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமன்று. செங்கல்லை நம்பிக் கெட்ட அனுபவமும் அதற்குப் பின்னால் இருக்கிறது.

1933 மார்ச் 10 அன்று மாலை, லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே உள்ள லாங் பீச்சில் 6.4 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. சுமார் 120 பேர் இறந்தார்கள். கம்பி கட்டாத செங்கல் சுவர்களால் ஆன பள்ளிக் கட்டடங்கள் வரிசையாகச் சரிந்தன. பள்ளி விட்டபின் நடந்ததால் குழந்தைகள் தப்பினார்கள். பள்ளிகளை நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்ற ஃபீல்டு சட்டம் ஒரே மாதத்தில் நிறைவேறியது. கம்பியில்லாமல் புதிதாகச் செங்கல் கட்டடம் எழுப்புவது கலிபோர்னியாவில் அதோடு ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

காரணம் எளிது. நிலம் அசையும்போது ஒரு சுவரின் மேல் விழும் விசை அதன் எடையைப் பொறுத்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் எடையிருக்கும். மரச்சட்டச் சுவர், இருபுறப் பலகைகளையும் சேர்த்தாலும், அதில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. எடை கூடினாலும் பரவாயில்லை, இழுவிசையைத் தாங்கினால் போதும்; செங்கல்லும் காரையும் அதையும் தாங்குவதில்லை. அமுக்கினால் அசையாத சுவர், பக்கவாட்டில் ஆட்டினால் மூலையில் பிளந்துகொள்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டும்போது அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கான்கிரீட் அஸ்திவாரத்திலிருந்து நீளும் போல்ட்டுகளில், சுவருக்கு அடியில் படுக்கவைக்கும் மரக்கட்டையை முடுக்குகிறார்கள். அதன்மேல் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும். வெளிப்புறத்தில் பலகை அறைந்து, அதன் விளிம்பில் 6 அங்குலத்துக்கு ஓர் ஆணி. குலுங்கும்போது அந்த ஆயிரக்கணக்கான ஆணிகள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து விசையைத் தின்றுவிடுகின்றன. காரை உதிரலாம், கதவு இறுகிக்கொள்ளலாம், ஆனால் கூரை தலையில் இறங்குவதில்லை.

மரம் என்றாலே தப்பித்தோம் என்பதும் இல்லை. 1994-இல் லாஸ் ஏஞ்சலஸின் நார்த்ரிட்ஜ் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் மூன்று மாடி மரக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள். கார் நிறுத்துவதற்காகக் கீழே சுவர்களைக் குறைத்துத் திறந்துவிட்டதுதான் வினை. அத்தகைய கட்டடங்களை வலுப்படுத்த வேண்டுமென்று லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கட்டாயப்படுத்தியது 2015-இல்தான்.

இனி தீ. காற்றோடு வரும் காட்டுத்தீ பெரும்பாலும் சுவரை எரித்துக்கொண்டு உள்ளே நுழைவதில்லை. தணல் துணுக்குகள் வெகுதூரம் பறந்துவந்து, கூரையடிக் காற்றுத்துளை வழியாகப் பரணுக்குள் புகுகின்றன; கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் கிடக்கும் சருகில் விழுகின்றன; பக்கத்து வீட்டு வெக்கையில் ஜன்னல் கண்ணாடி வெடித்தால் திரைச்சீலையில் பற்றுகின்றன. சுவர் செங்கல்லாக இருந்தாலும் உள்ளே கூரை மரம், கட்டில், துணிமணி எல்லாம் எரிந்து, கடைசியில் நான்கு சுவர் மட்டும் நிற்கும். அதை வீடு தப்பியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனவே செலவழிக்க வேண்டிய இடம் தீப்பிடிக்காத கூரை ஓடு, துளைகளுக்கு நெருக்கமான கம்பிவலை, இரட்டைக் கண்ணாடி, சுவரை ஒட்டிய ஐந்து அடிக்குள் செடியோ மரச்சீவலோ போடாமல் விடுவது ஆகியவைதான். கம்பி கட்டிய கான்கிரீட் வீடு இரண்டு ஆபத்துக்கும் நல்ல விடை என்பதை மறுக்கவில்லை. இங்குள்ள கூலிக்கும், மரவேலைக்கே பழகிய ஆட்களுக்கும் அது எல்லோருக்கும் கட்டுப்படியாகும் வழியாக இல்லை.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிலையும் எங்குமில்லை. காஷ்மீரில் மரச்சட்டங்களைக் கட்டமாக அடித்து, இடையில் செங்கல்லோ கல்லோ வைத்து அடைக்கும் தஜ்ஜி திவாரி வீடுகள் 2005 நிலநடுக்கத்தை நன்றாகவே தாங்கின. மாறாக, 1993-இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது கனத்த மண் கூரையும் மண்சாந்தில் அடுக்கிய கல் சுவரும் விடியுமுன் சரிந்து, ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொன்றன. அங்கே குலுங்கியது 6.2 அளவுதான்.

கோயம்புத்தூரில் மனை வாங்கியிருக்கும் என் சித்தப்பா மகன், "அண்ணா, நீங்கள் இவ்வளவு சொல்கிறீர்களே, நானும் மர வீடே கட்டட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கரையானும் மழையும் மரத்தின் விலையும் ஒருபுறம், அந்த வேலை தெரிந்த ஆள் கிடைக்காதது மறுபுறம். செங்கல்லிலேயே கட்டு, ஆனால் லிண்டல் கான்கிரீட்டைக் கதவு ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போட்டு நிறுத்த விடாதே. வீட்டைச் சுற்றி அறுபடாத பட்டையாக ஓடவிட்டு, மூலையில் கம்பியை வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோகச் சொல் என்றேன். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 4326 என்ற இந்தியத் தர விதியிலேயே இது இருக்கிறது. கொத்தனார் கூடுதல் செலவு என்று முனகுவார். கம்பி கட்டும் நாளில் நீயே போய் நின்றுகொள் என்றும் சொல்லியிருக்கிறேன்.