சோலாரிஸ் 10-ல் டிஃபால்ட் ரூட்: மேலே உள்ள பதிவுக்கு ஒரு திருத்தம்

சோலாரிஸ் 10 (யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) ஓடும் கண்ட்ரோல் ரூம் வொர்க்ஸ்டேஷனில் 'ரூட் ஆட் டிஃபால்ட்' (route add default) என்று ஒருமுறை கொடுத்தால் அது நிரந்தரம், அலுவலக நெட்வொர்க்குக்கு ஒன்று, ஆலையின் கண்ட்ரோல் நெட்வொர்க்குக்கு ஒன்று என உள்ள இரண்டு நெட்வொர்க் கார்டுக்கும் தனித்தனி டிஃபால்ட் கேட்வே (தனி வழி குறிப்பிடாத இடங்களுக்கான டேட்டாவை அனுப்பும் ரவுட்டர்) கொடுப்பது நல்லது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. யாராவது இதை நம்பி ஓடும் ஆலையில் செய்துவிடுவார்களோ என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கட்டளை, கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) நினைவகத்தில் வைத்திருக்கும் ரூட்டிங் டேபிளை, அதாவது எந்த டேட்டா எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியலை மட்டுமே மாற்றும். ரீபூட் ஆனதும் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் 'இடிசி' அடைவில் உள்ள 'டிஃபால்ட்ரவுட்டர்' கோப்பில் (/etc/defaultrouter) கேட்வே ஐபியை எழுத வேண்டும். சோலாரிஸ் 11-க்குப் போனவர்கள் 'ரூட்' கட்டளையோடு 'மைனஸ் பி' சேர்த்துக் (route -p) கொடுப்பதே முறை.

இரண்டாவது விஷயம்தான் ஆபத்தானது. இரண்டு டிஃபால்ட் ரூட் இருந்தால், ஒன்று செத்தால் மற்றொன்று என்று சோலாரிஸ் காத்திருக்காது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். அலுவலக சர்வருக்குப் போக வேண்டிய இணைப்பு சில நேரம் கண்ட்ரோல் நெட்வொர்க் பக்கம் போய் அங்கேயே தொலையும். ஒருமுறை வரும், ஒருமுறை வராது. இப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும். டிஃபால்ட் கேட்வே ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். பிஎல்சிக்கள் (ஆலை இயந்திரங்களை இயக்கும் கண்ட்ரோலர்கள்) வேறு சப்நெட்டில், அதாவது நெட்வொர்க்கின் வேறு பிரிவில் இருந்தால் அந்த சப்நெட்டுக்கு மட்டும் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைக்கும் நிலையான வழி) போடுங்கள்.

அப்புறம், 'ரூட்அட்ம்' (routeadm) கட்டளையில் ஐபிவி4 ஃபார்வர்டிங் (ஒரு கார்டில் வந்த டேட்டாவை மற்ற கார்டு வழியே அனுப்பும் வசதி) அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இயங்கினால் உங்கள் வொர்க்ஸ்டேஷனே இரண்டு நெட்வொர்க்குக்கும் நடுவில் பாலமாகிவிடும்.