முதலாளியோடு முடிகிற நட்டமா?
“தனியார் வங்கி மூழ்கினால் நட்டம் முதலாளிகளோடு முடிந்துவிடும், அரசுக்கு அங்கே வேலையே இல்லை” என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. பங்குதாரர்கள் பணத்தை இழப்பது உண்மை. அப்புறம் 2008 நிதி நெருக்கடியில் அமெரிக்க நாடாளுமன்றம் மீட்புப் பணமாக 70,000 கோடி டாலர் வரை அனுமதித்தது எதற்காம்? அதில் வங்கிகளுக்குப் போன பங்கு, கொடுத்ததைவிட அதிகமாகவே திரும்பி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வருமா வராதா என்று அன்று யாருக்கும் தெரியாது. அந்த ஆபத்தைச் சுமந்தது அரசுக் கருவூலம்.

2023-இல் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தபோது வைப்புக் காப்பீட்டு வரம்பு, அதாவது வங்கி மூழ்கினாலும் பணம் போட்டவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்று உறுதியளித்த உச்சத் தொகை, 2,50,000 டாலர். அதற்கு மேல் போட்டிருந்தவர்களுக்கும் முழுப் பணம் கிடைத்தது. அந்தச் செலவை மற்ற வங்கிகளிடம் வசூலித்த கட்டணத்தில் ஈடுகட்டினார்கள், சரி. முடிவெடுத்தது யார்? அரசுதான்.